அறுபத்தைந்து வயதில் முதல் இசைத்தட்டு

பிரேஸிலின் சம்பா இசை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ரியோ டி ஜெனீரோவின் களியாட்ட ஊர்வலத்திலிருந்தே தொடங்குவர். நான் 1974இல் வெளிவந்த ஓர் இசைத்தட்டிலிருந்து தொடங்க விரும்புகிறேன். அதன் பெயர் 'கார்ட்டோலா'. பாடியவரின் பெயரும் அதுவே. பன்னிரண்டு பாடல்கள் கொண்ட அத்தட்டே அவர் தனித்துப் பாடி வெளிவந்த முதல் தொகுப்பு. அப்போது அவருக்கு வயது 65.

அன்ஜெனோர் டி ஒலிவேரா என்ற இயற்பெயருடைய அவர் 1908இல் ரியோவில் பிறந்தார். வறுமை அவரது குடும்பத்தை மங்கேய்ரா குன்றின் சேரிக்குத் தள்ளியபோது அவர் சிறுவன். மேசன் வேலை செய்கையில் தலையில் சீமெந்து படாதிருக்கத் தொப்பி அணிந்ததால் தோழர்கள் அவரைக் 'கார்ட்டோலா' என்றனர். உயர்ந்த தொப்பி என்பது அதன் பொருள்.

பிரேஸிலில் அடிமை முறை 1888இல்தான் ஒழிந்தது. நிலமோ நட்டஈடோ இன்றி விடப்பட்ட கறுப்பின மக்களின் சந்ததியினர் பலர் இத்தகைய குன்றுகளில் குடியேறினர். அங்கு சம்பா வளர்ந்தது. 1928இல் மங்கேய்ரா சம்பாக் குழுவை நிறுவியோருள் கார்ட்டோலாவும் ஒருவர். அதன் பச்சை, இளஞ்சிவப்பு நிறங்களைத் தெரிந்தவரும் அவரே.

ஆனால், ஒலிப்பதிவுக் கருவி குன்றில் இருக்கவில்லை, நகரத்தில் இருந்தது. பிரபல பாடகர்கள் குன்றுவாசிகளின் பாடல்களை விலைக்கு வாங்கினர். கார்ட்டோலா விற்ற ஒரு சம்பாவை பிரான்சிஸ்கோ அல்வெஸ் 1929இல் பாடிப் பதிவு செய்தார். இயற்றியவரின் குரல் இசைத்தட்டுக்குத் தேவைப்படவில்லை.

1940இல் அமெரிக்க இசை நெறியாளர் ஸ்டொகோவ்ஸ்கி கப்பலில் ரியோவுக்கு வந்தார். இசைமேதை வில்லா லோபோஸ் திரட்டிக் கொடுத்த கலைஞர்களைக் கப்பலிலேயே வைத்துப் பதிவு செய்தார்கள். கார்ட்டோலாவும் பாடினார். அத்தட்டுகள் அமெரிக்காவில் வெளியாயின. அவரது வாழ்வோ மாறவில்லை. 1940களின் பிற்பகுதியில் நோயுற்றார், மனைவியை இழந்தார், குன்றைவிட்டு நீங்கினார். இறந்துவிட்டார் என்றுகூடப் பலர் நம்பினர். 1950களில் பத்திரிகையாளர் சேர்ஜியோ போர்ட்டோ அவரைச் சந்தித்தபோது, இபனேமாப் பகுதியில் கார் கழுவிக்கொண்டிருந்தார்.

இதைக் 'கண்டுபிடிப்பு' என்றே வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அச்சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. கார்ட்டோலா தொலைந்துபோகவில்லை. அதே நகரில், அந்நகர் மக்களின் வாகனங்களையே கழுவிக்கொண்டு வாழ்ந்தார். தேடாதிருந்தவர்களின் குற்றத்தை அச்சொல் மறைத்துவிடுகிறது.

1963இல் அவரும் துணைவியார் ஸீக்காவும் 'ஸீக்கார்ட்டோலா' என்ற உணவகத்தைத் திறந்தனர். அங்கே ஸீக்காவின் சமையலும் கார்ட்டோலாவின் பாடலும் இளைய தலைமுறையினரை ஈர்த்தன. 1964இல் நாரா லியாவோ அவரது பாடலொன்றைப் பதிவு செய்தார். உணவகம் விரைவிலேயே மூடப்பட்டது. அவர் தம் குரலிலேயே ஒரு தொகுப்பு வெளிவர மேலும் பத்தாண்டுகள் சென்றன. அதை வெளியிட்டதும் பெருநிறுவனமொன்றல்ல. மார்க்குஸ் பெரெய்ரா என்ற விளம்பரத் துறையாளர் நடத்திய சிறு நிறுவனமே.

1976இல் இரண்டாவது தட்டு வந்தது. 1980இல் அவர் காலமானார்.

இசைத்தட்டு வெளிவந்த திகதிகளைக் கொண்டு இசை வரலாற்றை எழுதினால் கார்ட்டோலா எழுபதுகளின் கலைஞராகிவிடுவார். ஆனால், அந்த முதல் தொகுப்பிலுள்ள 'கெங் மி வே சொஹிந்து' என்ற பாடல், 1940இல் அக்கப்பலில் அவர் பாடிய அதே பாடல். இவ்விரு பதிவுகளுக்கும் இடையிலான முப்பத்து நான்கு ஆண்டுகளையும் சம்பா வரலாற்றில் எழுதியாக வேண்டும் என்பதே எனது வாதம்.