படத்தின் கீழே ஒரு பெயர்

தாவரவியல் நூல்களில் ஒரு செடியின் லத்தீன் பெயரை அடுத்து, அதைச் சூட்டியவரின் பெயரும் வரும். தென்னிந்தியச் செடிகள் பலவற்றில் அப்படி வருவது வைட் என்ற பெயர். 1819இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட் அவர்.

பெயரிட்டவர் வைட். அச்செடிகளைப் படமாக வரைந்தவர் யார்?

ஓவிய உலகில் இது பழைய கேள்வி. ஹாலந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் 17ஆம் நூற்றாண்டில் யாகோப் கைப் என்பவர், ஆட்டுக்குட்டியோடும் நாயோடும் நிற்கும் குழந்தைகளை வரைந்து பேரெடுத்தார். மகன் ஆல்பர்ட் நிலக்காட்சி ஓவியர். 1641இல் அப்பா ஆட்களைத் தீட்ட, பின்னணியை மகன் தீட்டிய படங்களும் உண்டு. அதே ஊரில் ஆப்ரகாம் கால்ராட் என்றொருவர். அவருக்கும் ஆல்பர்ட்டுக்கும் முதலெழுத்துகள் ஒன்றே. கால்ராட்டின் படங்கள் கைப்பின் பெயரில் வெகுகாலம் கைமாறின. எந்தக் கோடு யார் கைக்கோடு என்று அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாகத் துருவுகிறார்கள்.

நம் பக்கத்துக் கைகளைத் தேட ஆள் வரவே நெடுங்காலம் ஆயிற்று. தஞ்சாவூர்ப் படங்களைத் தீட்டிய ராஜு குடும்பத்தார் படத்தில் பெயர் எழுதுவது அபூர்வம். கும்பெனிக்காரர்களுக்காக வரைந்த படங்களோ, வரையச் சொன்ன துரையின் பெயரிலேயே ஆல்பங்களில் அடுக்கப்பட்டன.

வைட்டின் படங்களில் மட்டும் பிடிக்க ஒரு நுனி இருந்தது. 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக அவர் வெளியிட்ட ‘ஐகோன்ஸ்’ நூலில் 2,101 படங்கள். ஒன்றை எடுத்துக் கூர்ந்து பார்த்தால், மேலே இலையும் பூவுமாக முழுச் செடி. கீழே, பிரித்து வைத்த இதழும் மகரந்தமும் சூலகமும் பெரிதாக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு நிற்கும். அதற்கும் கீழே, பல படங்களில், பொடி எழுத்தில் ஒரு பெயர்: முந்தையவற்றில் ரங்கையா, பிந்தையவற்றில் கோவிந்து. பக்கத்திலேயே ‘வரைந்தவர்’ என்பதற்கான லத்தீன் சுருக்கம்.

அந்தச் சிற்றெழுத்தைப் பற்றிக்கொண்டு போனவர் தாவரவியலாளர் ஹென்றி நோல்ட்டி. எடின்பரோ தாவரவியல் தோட்டத்திலுள்ள மூல ஓவியங்களை ஆராய்ந்து 2007இல் மூன்று தொகுதி நூல் வெளியிட்டார். அதன் தலைப்பில் வைட்டோடு ரங்கையாவும் கோவிந்துவும் இருக்கிறார்கள். செடியை வைட் கண்ட விதத்தைப் போலவே, அதை இந்த இருவர் கண்ட விதமும் அறிவியலுக்குச் சேர்ந்த சொத்து. அதை உரக்கச் சொல்ல 150 ஆண்டுகள் ஆனது வருத்தத்துக்குரியது.

வைட் நன்றி மறந்தவர் அல்லர். 1853இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குத் தம் ஓவியரை நினைத்துக் ‘கோவிந்தூயா’ என்று பெயர் வைத்தார். பின்னர் தாவரவியலாளர்கள் அச்செடியை ‘டிராபிடியா’ என்ற பேரினத்தில் சேர்த்ததால், அந்தப் பெயர் வழக்கொழிந்தது. ஐகோன்ஸ் பக்கங்களின் அடியில் கோவிந்துவின் பெயர் இன்னும் அச்சிட்டபடியே இருக்கிறது.