வரையும் படமும்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் பஸ் ஏறுகிறவர் "கோபாலபுரம் வரைக்கும் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்பார். போடியில் ஏறுகிறவருக்கு அது "போடிமெட்டு வரைக்கும்". எல்லை சொல்லும் இந்த 'வரை'தான் 'வரைபடம்' என்ற சொல்லின் முன்பாதி. வரை என்றால் கோடு, எல்லை, சங்கத் தமிழில் மலையும்தான். மலை என்ற பொருளைப் பேச்சில் நாம் தொலைத்துவிட்டோம். இரவிகுளத்துப் பாறைச் சரிவில் மேயும் வரையாடு மட்டும் அதைத் தன் பெயரில் வைத்திருக்கிறது. மலையாளத்தில் 'வர' என்பது கோடு. அங்கே ஒரு குழந்தை வரையாட்டின் உடம்பில் கோடு தேடினால் குற்றம் சொல்ல முடியாது.

பின்பாதியான படம், வடமொழி வழி வந்தது. முதற்பொருள் துணி. சீலையில் எழுதிய சித்திரம் படமாகி, பிறகு எதில் எழுதினாலும் படம் ஆனது. குஜராத், ராஜஸ்தான் சமணர்கள் 15ஆம் நூற்றாண்டு முதலே 'அடாயித்வீப' உலகத்தைத் துணியில் தீட்டினார்கள்: நடுவில் ஜம்புத்வீபம், சுற்றிலும் வளையம் வளையமாகக் கடலும் கண்டமும். அதுவும் ஓர் உலகப்படம்தான், வழி கேட்க உதவாது என்றாலும்.

வியப்பு என்னவென்றால், 'மேப்' என்ற சொல்லும் துணிதான். லத்தீனில் 'மப்பா' என்றால் சாப்பாட்டு மேசையில் கை துடைக்கும் துண்டு. 'மப்பா முண்டி', அதாவது உலகத் துணி, சுருங்கி மேப் ஆனது. மலையாளத்தார் சொல்லும் 'பூபட'த்திலும் அதே துணி உண்டு. தமிழ் எழுத்தில் எழுதினால்தான் புவியின் படம் பூவின் படமாகிவிடுகிறது!

வியன்னாவில் இருக்கும் பொய்டிங்கர் படம் ஏறக்குறைய 7 மீட்டர் நீளமுள்ள தோல் சுருளாக இருந்தது. பழைய ரோமானியப் பாதைப் படத்தின் இடைக்காலப் பிரதி. அதன் கீழைக்கோடியில் பழைய சேரத் துறைமுகமான முசிறி, பக்கத்தில் அகஸ்டஸ் கோயில். முசிறிக்கும் கொங்குக்கும் நடுவே சரக்குப் போன வழி பாலக்காட்டுக் கணவாய். சுருளின் உயரம் ஒரு முழத்துக்கும் குறைவு. நாடுகளை அதற்குள் நசுக்கியதில் கணவாய்க்கு இடமேது?

மலையும் கணவாயும் அளவோடு தாளில் ஏற வெகுகாலம் ஆயிற்று. 1816 முதல் 1820 வரை ஆங்கிலேய சர்வேயர்களான வார்டும் கானரும் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தார்கள். களத்துக்குப் போகும் சர்வே தாள்கள் மடிப்பில் கிழியாதிருக்கப் பின்னால் துணி ஒட்டுவது பிற்பாடு வழக்கமானது. படம் தன் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டது.

1956இல் கேரளம் தனி மாநிலமானபோது இடுக்கிப் பக்கம் பெரும்பாலும் வரையே வரையானது, மலைமுகடே எல்லை. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் அப்படி மலை கிடையாது. கோபாலபுரத்தில் இந்தப் பக்கமும் தென்னை, அந்தப் பக்கமும் தென்னை. செக்போஸ்ட் வந்தால்தான் கோடு தெரியும்.