உழவாரமும் தியானமும்

இளைஞர்காள்! பயன் கருதாத் தொண்டு வேறு, தியானம் வேறு என்று எண்ணற்க. 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பரடிகளின் கையில் உழவாரம். நெஞ்சில் இடையறாச் சிவநினைவு. திருப்புகலூர்த் திருமுற்றத்தில் அவர் தொண்டு செய்யுங்கால் பொன்னும் நவமணியும் மிளிர்ந்தன. அவற்றைக் கற்களோடு ஒப்ப எண்ணி வாவியில் எறிந்தார் என்பர் சேக்கிழார். பொன்னைக் கல்லெனக் காணும் நோக்கைத் தந்தது தியானம். அந்நோக்கு மெய்யென்று காட்டியது தொண்டு.

நம் சேந்தமங்கலத்திலும் இதனைக் காணலாம். 1948-இல் சித்தியடைந்த சுயம்பிரகாச அவதூத சுவாமிகள், தமக்கென ஒன்றும் வேண்டாத துறவியாயினும், பிறர் வழிபடத் தத்தாத்திரேயருக்குக் குன்றின்மேல் கோயில் கண்டார்.

குடமுழுக்குக் கூட்டம் கலைந்தபின் பிராகாரத்தைப் பெருக்குவார் யார்? நீவிர் துடைப்பம் ஏந்துமின், ஐந்தெழுத்து நெஞ்சில் நிற்க, புகழை எதிர்பாராதொழிமின். சிவம்.