மோரோ கிரிஸ் வாள்: பழமையை அறிதலும் சீரமைத்தலும்

மோரோ கிரிஸ் என்பது தெற்குப் பிலிப்பீன்சின் மிண்டனாவோ, சூலு பகுதிகளில் வாழும் மோரோ முஸ்லிம் மக்களின் வாள். இருபுறமும் கூருடையது. குத்துவதற்கான சாவகக் கிரிஸைவிடப் பெரியது; வெட்டவும் உதவும். அலகு நெளிந்தும் இருக்கும், நேராகவும் இருக்கும். எனவே நெளிவைக் கொண்டு காலத்தைக் கணிக்க முடியாது.

பார்க்க வேண்டியது, பிடியை ஒட்டி அகன்றிருக்கும் ‘கங்யா’ என்னும் பகுதியை. பழைய வாள்களில் அது தனித் துண்டாகச் செய்து அலகோடு பொருத்தப்பட்டிருக்கும். 20ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட பலவற்றில் இரண்டும் ஒரே துண்டுதான். பொருத்துக்கோடு வெறும் கீறல்.

துருவைக் கண்டதும் சாணைச் சக்கரத்தில் தேய்ப்பவர்கள் இந்தக் கோட்டையே அழித்துவிடுகிறார்கள். வாள் பளபளக்கும், சான்று போய்விடும். எண்ணெய் தடவி ஊறவைத்து, பொறுமையாகத் துடைப்பதே முறை. பிறகு எலுமிச்சைச் சாறு தடவினால், மடித்து அடித்த எஃகாக இருந்தால் அதன் அடுக்கு வரிகள் தெரியவரும். உடனே கழுவி, ஈரம் போக உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூச வேண்டும்.