பாய்ச்சல் என்னும் சொல்

சடுதியில் நிகழும் முன்னேற்றத்தை ஆங்கிலேயர் 'லீப்' என்பர். அதனை நாம் 'பாய்ச்சல்' என மொழிபெயர்த்து, மேடையிலும் கட்டுரையிலும் தாராளமாக ஆண்டு வருகிறோம். நானாட்டான் உழவர்க்கோ இச்சொல் பழையது. அவர்கள் அறிந்த பாய்ச்சல், வயலுக்கு நீர் பாய்ச்சுதலாகும்.

அந்நீர் எங்கிருந்து வருகிறது? பண்டையோர் அருவியாற்றைத் தேக்கம் என்னுமிடத்தில் அணையிட்டு மறித்தனர். வாய்க்கால் வெட்டிக் கட்டுக்கரைக் குளத்தில் நீரைச் சேர்த்தனர். அங்கிருந்து மடைகளையும் கிளைவாய்க்கால்களையும் கடந்தே அது வயலை அடைகிறது. மடை திறந்ததும் நீர் பாய்வது கணப்பொழுதில் நிகழ்வது. அக்கணத்தின் பின்னால் நிற்பதோ பெயரறியா மக்களின் நெடுங்கால உழைப்பு.

இவ்வுழைப்பை அந்நிய ஆட்சியாளர் எளிதில் மதித்தாரல்லர். 1859இல் வெளிவந்த இலங்கை பற்றிய தமது நூலில் எமர்சன் டெனன்ட், மட்டம் பிழைத்ததால் வீணான முயற்சி என்றே இக்குளத்தைக் கருதினார். பின்னர் பிரித்தானிய ஆட்சியிலேயே குளம் புனரமைக்கப்பட்டு நீர் நிறைந்தது, அக்கருத்தும் பொய்த்தது.

மக்களின் உழைப்பை மதியாமை அந்நியர்க்கு மட்டும் உரியதன்று. 1958இல் சீனத்தில் 'பெரும் பாய்ச்சல்' அறிவிக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளில் உருக்கு உற்பத்தியில் பிரித்தானியாவை விஞ்சுதல் அதன் இலக்குகளுள் ஒன்று. உழவர் வயலை விட்டு ஊர்தோறும் உலை மூட்டினர். விளைச்சற் கணக்குகள் மிகைப்படுத்தப்பட்டன. இல்லாத நெல்லும் இருப்பதாய்க் கொண்டு அரசு தானியம் திரட்டியது. 1959 முதல் 1961 வரை நீடித்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மாண்டனர். பொதுவுடைமையின் பெயரால் நிகழ்ந்ததென்பதற்காக இதனை நாம் மறைத்தல் தகாது. மறைப்போமாயின், மாண்ட உழவர்க்கு மீண்டும் அநீதி இழைத்தவராவோம்.

அவ்வாறாயின் பாய்ச்சல் என்பதே பொய்யா? அன்று. சிறுசிறு அளவு மாற்றங்கள் திரண்டு ஒரு கட்டத்தில் பண்பு மாற்றமாகின்றன என்பதை, நீர் கொதித்து ஆவியாதலைக் காட்டி ஏங்கல்ஸ் விளக்கினார். ஆனால் வெப்பம் ஏறாமல் நீர் கொதிப்பதில்லை. கட்டளையால் குளம் நிரம்புவதுமில்லை.

ஆகவே, கல்வியிலோ தொழிலிலோ அரசியலிலோ எவரேனும் பாய்ச்சலை அறிவிக்கும்போது, நம் மாணவர் மூன்று வினாக்களை எழுப்பப் பழகவேண்டும்: நீரைச் சேர்த்தவர் யார்? மடை யார் கையில் இருக்கிறது? கடைக்கோடி வயலுக்கு அது எட்டுமா?