சுடாமல் போன துப்பாக்கியும் மொனிட்டர் வாங்கின கதையும்

போன மாதம் சின்னம்மாவின்ர மகன் வந்து கேட்டான்: "அண்ணா, கேம் விளையாட ஒரு மொனிட்டர் வாங்கப்போறன். டிஎன், ஐபிஎஸ், விஏ, ஓலெட் எண்டு நாலு சொல்லுறாங்கள். எது நல்லது?" நான் பதிலை ஒரு விளையாட்டுத் துப்பாக்கியில இருந்து தொடங்கினன்.

நாங்கள் சின்னனா இருக்கேக்க டிவி கேம் பெட்டியோட வாத்துச் சுடுற பிளாஸ்டிக் துப்பாக்கி ஒண்டும் வரும். வீட்டில் தடிச்ச டிவி போய்த் தட்டை டிவி வந்த நாளோடு அது வேலை செய்யவில்லை. பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். உண்மையில் பழுதானது துப்பாக்கி அல்ல. நிண்டெண்டோவின் 'டக் ஹண்ட்' (1984) விளையாட்டில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகும், உடனே வாத்து நிற்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் மின்னும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த மின்னலைக் கண்டால் வாத்து விழும். தடிச்ச சிஆர்டி திரை அதைத் தாமதமில்லாமல் காட்டியது. தட்டைத் திரை பிந்திக் காட்டியது.

கேமும் சிஆர்டியும் ஒன்றாக வளர்ந்தவை. 1958இல் அமெரிக்காவின் புறூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் வில்லியம் ஹிகின்பொதம், பார்வையாளர்களுக்கு அலுப்புத் தட்டாமல் இருக்க ஒரு டென்னிஸ் விளையாட்டைச் செய்தார். அது ஓடியது அலைகாட்டியின் சின்ன வட்டத் திரையில். அதுவும் சிஆர்டிதான்.

எல்சிடியின் கதை வேறு. 1888இல் பிறீட்றிக் றைனிற்சர் என்ற ஒஸ்திரியத் தாவரவியலாளர், கரட்டில் இருந்து எடுத்த கொலஸ்திரோலை ஆராயும்போது, இரண்டு தடவை உருகும் விசித்திரமான பொருளொன்றைக் கண்டார். திரவப் படிகத்தின் தொடக்கம் அதுதான். 1970இல் சுவிற்சர்லாந்தில் ஷாட், ஹெல்ஃப்றிஷ் இருவரும் டிஎன் முறையை உருவாக்க, அது கைக்கடிகாரத்துக்கும் கல்குலேட்டருக்கும் போனது. கொஞ்சம் யோசியுங்கோ, கல்குலேட்டரில் எண்கள் ஓடுறதில்லை.

பிறகு அது மேசைக்கு வந்ததற்கும் கேம் காரணமில்லை. பாரம் குறைவு, இடம் மிச்சம், மின்சாரம் மிச்சம். அலுவலகங்களுக்கு அது போதும். சோனியின் 24 அங்குல எஃப்டபிள்யூ900 சிஆர்டி 40 கிலோவுக்கு மேல். அதை யார் மாடிக்குத் தூக்குவது?

இழந்தது என்ன என்பது ஓடும் படத்தில்தான் தெரியும். சிஆர்டியில் ஒவ்வொரு புள்ளியும் மின்னி, ஏறக்குறைய ஒரு மில்லிசெக்கனில் அணைந்துவிடும். 60 ஹேர்ட்ஸ் எல்சிடி ஒரு படத்தை 16.7 மில்லிசெக்கன் அப்படியே பிடித்து வைத்திருக்கும். எங்கட கண்ணோ எதிரியைப் பின்தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். செக்கனுக்கு 960 புள்ளி வேகத்தில் போகும் உருவம் இதனால் 16 புள்ளி அகலத்துக்கு இழுபட்டுத் தெரியும். 240 ஹேர்ட்ஸில் அது 4 புள்ளி. ஹேர்ட்ஸ் கூடினால் நல்லது எண்டு கடைக்காரர் சொல்லுறதுக்குள்ள இருக்கிற கணக்கு இதுதான்.

அந்த ஹேர்ட்ஸ் கூடிய கதையும் வேடிக்கையானது. 2009இல் என்விடியா முப்பரிமாணக் கண்ணாடியைக் கொண்டுவந்தது. இரண்டு கண்ணுக்கும் மாறி மாறிப் படம் காட்ட 120 ஹேர்ட்ஸ் திரை தேவைப்பட்டது. கண்ணாடியை ஒருத்தரும் பெரிதாகச் சீண்டவில்லை, திரையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பின்னொளியை மின்னி அணைக்கும் லைட்பூஸ்ட் வசதியும் அந்தக் கண்ணாடிக்கே வந்தது. கேம் ஆட்கள் அதைச் சாதாரணப் படத்திலும் போட்டுப் பார்த்து, சிஆர்டி மாதிரித் தெளிவு வருகுதெண்டு கண்டுபிடித்தார்கள்.

அந்த வேகத் திரைகள் எல்லாம் டிஎன். பக்கத்தில் இருந்து பார்த்தால் நிறம் மாறும். 1996இல் ஹிட்டாச்சி கொண்டுவந்த ஐபிஎஸ் நிறத்தையும் கோணத்தையும் திருத்தியது, ஆனால் அதில் கறுப்பு சாம்பலாகத்தான் இருக்கும். புஜிட்சு வளர்த்த விஏயில் கறுப்பு நல்ல கறுப்பு. இருட்டுக் காட்சியில் உருவம் ஓடினால் பின்னால் புகை மாதிரி வால் வரும். 2022 முதல் கேம் மொனிட்டர்களுக்குள் வேகமாக நுழைந்த ஓலெட்டில் கறுப்பும் வேகமும் இரண்டும் உண்டு. ஆனாலும் அதுவும் படத்தைப் பிடித்து வைத்திருக்கிற திரைதான், ஹேர்ட்ஸ் குறைந்தால் இழுபடும். மூலையில் அசையாமல் நிற்கும் உயிர்க்கோடும் வரைபடமும் நாளடைவில் திரையிலேயே பதியலாம். 'சுப்பர் ஸ்மாஷ் பிறோஸ் மெலீ' (2001) போட்டிகளுக்கு இன்றும் ஆட்கள் சிஆர்டியைத் தூக்கிக்கொண்டு போவதை நான் பழமைப்பித்து என்று சொல்லமாட்டேன்.

"அப்ப எனக்கு எது?" எண்டான் தம்பி. 2022இல் டொலர் 360 ரூபாய் தாண்டினதில இருந்து எங்கட ஆக்களுக்கு மொனிட்டர் எண்டால் ஒண்டுதான், ரெண்டாவது இல்லை. பகலில் அதில்தான் கம்பஸ் வகுப்பு, வேர்ட், எக்செல். ஒரே கோடுகள் எட்டு மணித்தியாலம் அசையாமல் நிற்கும். ஓலெட்டை விடச் சொன்னேன். இருட்டு அறையில் பேய்க் கேம் விளையாடுபவன் என்றால் விஏயைச் சொல்லியிருப்பேன். இவன் வலரண்ட் ஆள். 180 ஹேர்ட்ஸ் ஐபிஎஸ் ஒன்றை எடுத்தான். கறுப்பு சாம்பலாக் கிடக்கு எண்டு முதல் நாளே முறைப்பாடு.