புறப்பாட்டில் எஞ்சின் செயலிழப்பு: மன்னார்க் கரையோரம்

ஒற்றை எஞ்சின் சிறுவிமானம் தரையை விட்டு எழுந்த சில விநாடிகளில் எஞ்சின் நின்றுபோகும் நிலை இது. எரிபொருளில் தண்ணீர் கலப்பது முதல் பறவை மோதுவது வரை காரணங்கள் பல. ஆளைக் கொல்வதோ பெரும்பாலும் ஓடுபாதைக்குத் திரும்பும் முயற்சிதான். செஸ்னா 172 எஞ்சின் இன்றி நிமிடத்துக்குச் சுமார் 700 அடி இறங்கும். 400 அடியில் எஞ்சின் நின்றால் மிஞ்சுவது அரை நிமிடம். அதில் முதல் சில விநாடிகள் திகைப்பிலேயே கரைந்துவிடும். 45 பாகை சாய்த்துத் திரும்பினால், இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம் ஏறத்தாழ 19 விழுக்காடு கூடுகிறது. மூக்கை உடனே தாழ்த்தாதவர் அங்கேயே சுழன்று விழுவார்.

இலங்கையின் மன்னாரில், திரும்பக் கூடாது என்ற வாதம் இன்னும் வலுக்கிறது. தென்மேற்குக் காற்றான சோளகத்தை எதிர்த்துக் கிளம்பியவர் திரும்பினால் அதே காற்று முதுகில் தள்ளும், தரைவேகம் ஏறும். தாழப் பறந்து திரும்புபவருக்குத் தடைகளும் உண்டு: மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 காற்றாலைகள் நிற்கின்றன; வாடைக்காலத்தில் வங்காலைப் பறவைகள் சரணாலயத்தில் பூநாரைக் கூட்டங்கள். முன்னால் கடல்தானே, நிலைச்சக்கரங்கள் தண்ணீரில் சிக்கி விமானம் கவிழாதா என்று கேட்கலாம். கவிழக்கூடும். ஆயினும் கதவை முன்கூட்டியே திறந்து, கரைக்கு இணையாக, மெதுவான வேகத்தில் நேராக இறங்கியவருக்குப் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். காய்ந்த உப்பளம் எட்டினால் அதுவே மேல். போதிய உயரத்தில் திரும்பலாம் என்பதும் உண்மையே. அந்த உயரம் எதுவென்பதை விமானி ஓட்டத்தைத் தொடங்குமுன் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.